விளிம்பிலிருந்து இரண்டு விரல்

நேற்றுப் பகல் பங்களா மேனேஜர் கடைக்கு வந்து, உன்னுடைய கடைசிக் கண்ணாடிக் குவளையை விலைக்குக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

யார் கைக்கும் எட்டாது என்று மேல் தட்டில்தான் வைத்திருந்தேன். அவர் உயரமான மனிதர், கேட்காமலே எடுத்துவிட்டார். "அக்கே, மேக கீயத?" என்று விலை கேட்டார். "விக்குணன்ன நே, மாத்தயா" என்றேன். விற்பனைக்கு இல்லை என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததை அவரால் நம்ப முடியவில்லை. யட்டியாந்தோட்டை கடைத்தெருவில் வேறு யாராலும் நம்ப முடியாது. குவளையை மூக்கருகே கொண்டுபோய், இன்னும் புகை மணக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

மோந்து பார்த்தேன். ரப்பர் விறகுப் புகை. நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது, அந்த வாசம் மட்டும் குவளைக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. நீ கடைக்குள் முதன்முதலாகப் புகுந்த நாளும் அப்படித்தான்.

முதன்முதலாக என்றால் சாமான் வாங்க அல்லாமல். மற்றபடி நீயும் நானும் ஒரே தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிறந்தவர்கள். பத்தொன்பது வயதில் நான் பிளாஸ்டிக் வாளிகளைத் தலையில் சுமந்துகொண்டு லயம் லயமாக விற்கக் கிளம்பினேன். நீ வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர் மலைக்குப் போனாய். எனக்குக் கடை வந்தது. உனக்கு முன்னூறு மரம் வந்தது. சந்திக்கும்போதெல்லாம் "என்னா முதலாளிம்மா" என்று நீ கூப்பிட்டதில் பாதி பாசம், பாதி குத்தல். நான் இரண்டையும் வாங்கிக்கொள்வேன்.

சாமான் விலையெல்லாம் தலைகீழாகப் போன அந்தக் காலத்தில் நான் ஒரு பிழை விட்டேன். கொழும்பில் ஒரு மொத்த வியாபாரி மூடுகிற கடையிலிருந்து பெட்டி பெட்டியாகக் கண்ணாடிக் குவளைகளை மலிவாக அள்ளி வந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்கியதுதான் பிழை. கண்ணாடியில் லேசான பச்சை, அங்கங்கே காற்றுக் குமிழி. ஒருவரும் தொடவில்லை. மனிதர்கள் அரிசிக்கே யோசிக்கிற காலத்தில் யார் கிளாஸ் வாங்குவார்கள்? கடையின் பின்னறை முழுக்க அந்தப் பெட்டிகள்தான். அவற்றைப் பார்க்காமல் இருக்க ஒரு சேலையைத் தொங்கவிட்டிருந்தேன்.

அப்போதுதான் போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. வீட்டுக் கண்ணாடிச் சாமான்களில் பெயின்ட் அடித்து அழகாக்குவது எப்படி என்று ஒரு பெண் காட்டினாள். மிக எளிது, யாரும் செய்யலாம் என்றாள். கோடு போடும் ட்யூப் ஒன்றும் ஆறு நிறப் புட்டிகளும் வாங்கிவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் செய்யலாம் என்றவள் என் கையைப் பார்த்ததில்லை. கோடு போட்டால் புழு மாதிரி நெளிந்தது. பெயின்ட் வைத்தால், மெழுகுத் தரையில் தண்ணீர் விட்டாற்போல் முத்து முத்தாக விலகி ஓடியது.

மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்த நீ, சாக்கைத் தலையிலிருந்து எடுக்காமலே எட்டிப் பார்த்தாய்.

"என்னா புள்ள இது, கோழி கிளறுனாப்ல?"

"சிரிக்கிறவ செஞ்சு காட்டு பாப்போம்."

"குடு. மழதானே, இன்னிக்குப் பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் தோட்டத்துச் செக்ரோல் பதிவில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. நம் பக்கத்து மழைக்கு மாதத்தில் எத்தனை நாள் அப்படிப் போகும் என்று உன் அடுப்புக்குத்தான் தெரியும்.

நீ முதலில் ட்யூபைத் தொடவில்லை. குவளையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினாய். என்னிடம் வினாகிரி கேட்டு வாங்கித் துணியில் நனைத்துத் துடைத்தாய். "சிரட்டையத் தொடைக்காம வச்சா பால் கெட்டுப் போவும். இது மட்டும் பிசுக்குல ஒட்டுமாக்கும்?" என்றாய். வீடியோக்காரியும் அதைத்தான் சொல்லியிருந்தாள். நான்தான் அந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பார்த்திருந்தேன்.

அடுத்து நீ செய்தது எந்த வீடியோவிலும் இல்லை. ஸ்டூலை நடுக்கடைக்கு இழுத்தாய். குவளையை அதன் மேல் வைத்தாய். ட்யூபைப் பிடித்த கையை இடுப்போடு ஒட்டி, முழங்கையை இறுக்கிக்கொண்டு, குவளையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாய். கை அசையவே இல்லை. கால் நகர்ந்தது, உடம்பு நகர்ந்தது, கோடு தானாக இறங்கியது. ஒரு சுற்று முடிந்தபோது கோட்டின் நுனியும் முதலும் மயிரளவும் பிசகாமல் சந்தித்தன. மரத்தைச் சுற்றி வெட்டுகிறவளுக்கு அது பழகிய நடை. வீட்டில் உட்கார்ந்து படம் கீறுகிற எவருக்கும் அது தோன்றாது.

சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒருத்தி, என் கடையில் கடனுக்குச் சீனி வாங்குகிறவள், நான் அதுவரை பார்த்தறியாத ஒரு ஆளாக அங்கே நின்றாள்.

"கைய ஆட்டாத, ஒடம்ப ஆட்டு. அவ்வளவுதான்" என்று ட்யூபைத் திருப்பிக் கொடுத்தாய்.

அன்றைக்கே நாம் பேரம் பேசினோம். மழை நாளில் நீ வந்து பெயின்ட் அடிப்பாய், நான் ஒரு பேர் கூலி போட வேண்டும் என்றாய். நான் அரைப் பேர் என்றேன்.

"அரைப் பேரா? அடியே, நீ தொரையாவே பொறந்திருக்கலாம்டி."

"சரி, முழுப் பேர். ஆனா கிளாஸ் வித்தாத்தான்."

நீ வெளியே மழையைப் பார்த்தாய். பிறகு சரி என்றாய். உனக்கு வேறு வழியில்லை என்று தெரிந்துதான் நான் அந்த நிபந்தனையைப் போட்டேன். இன்றைக்கு அதை மறைத்து எழுதுவதில் யாருக்கு என்ன லாபம்?

பூ வரையச் சொன்னால் நீ ரப்பர் இலை வரைந்தாய். மூன்று மூன்றாகத் தொங்கும் இலை, தை மாதத்தில் உதிர்வதற்கு முன் சிவக்கிற அந்தச் சிவப்பில். முதலில் பெயின்டைக் கனமாக வைத்து ஒழுகவிட்டாய். பிறகு மெல்லிதாக ஒரு பூச்சு, காய்ந்த பின் இன்னொரு பூச்சு என்று நீயே கண்டுபிடித்தாய். புட்டியைக் குலுக்கினால் நுரை குமிழி விழுகிறது, உருட்ட வேண்டும் என்பதையும். நான் கழுவித் துடைத்துக் கொடுப்பேன், நீ சுற்றி நடப்பாய். பகல் முழுக்க அந்த ஸ்டூலைச் சுற்றி நடந்த நடையைச் சேர்த்தால் அவிசாவளைக்குப் போய் வந்திருக்கலாம். ஆனால் விற்றவை ஒன்றிரண்டுதான். உன் மழை நாட்கள் என் கணக்குக் கொப்பியில் சேர்ந்துகொண்டே போயின.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்தார். ஆற்றுக்கு மேலே, பழைய தொரை பங்களாவை உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். வருகிறவர்களுக்கு வாசலிலேயே பழரசம் கொடுத்து வரவேற்க நான்கு டசன் குவளை வேண்டும். போனில் ஒரு படம் காட்டினார். அடியிலிருந்து வாய் வரை ஒரு விரல் இடம் விடாமல் நிறம். இப்படியே வேண்டும், பத்து நாளில் வேண்டும் என்றார். நான் உடனே தலையாட்டினேன்.

உன்னிடம் சொன்னபோது நீ குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"வாய் வரைக்கும் அடிக்க மாட்டேன்."

"ஏன்?"

"வாய் வைக்கிற எடம் புள்ள அது. இத மோந்து பாரு. இத நீ தின்பியா?"

"குடிக்கப் போறது வெள்ளக்காரன். ஒனக்கென்னா?"

"ஏன், வெள்ளக்காரனுக்கு வயிறு இல்லியா?"

பெயின்ட் பெட்டியின் பின்புறத்தில், உணவு படும் இடத்தில் பூசாதீர்கள் என்று சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. நான் அதை வாசித்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு அந்த எழுத்து தெரியாது, மூக்கு போதுமாக இருந்தது. ஆட்டோ நிற்கும் இடம் வரை கேட்கும்படி நான் கத்தினேன். இந்த ஓடர் போனால் நீ வந்த அத்தனை மழை நாளுக்கும் ஒரு பேரும் கிடையாது, நினைவிருக்கட்டும் என்றேன். உன் முகம் ஒருமுறை மாறியது. பிறகு இரண்டு விரலைச் சேர்த்து விளிம்பில் படுக்க வைத்துக் காட்டினாய்.

"இம்புட்டு எடம் வெறுசா இருக்கும். இஷ்டம்னா செய்றேன். இல்லாட்டி போறேன்."

உன்னைப் போக விட்டால் எனக்கும் வேறு ஆள் இல்லை. அவரிடம் எப்படியாவது பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நாற்பத்தெட்டையும் நீ வரைந்து முடித்த அன்று வானம் பொத்துக்கொண்டது. நான்கு நாள் விடாத மழை. காற்றிலே ஈரம், சுவரிலே ஈரம், தொட்டால் விரலோடு வருகிறது பெயின்ட். வீடியோவில் மின்சார அடுப்புக்குள் வைத்துச் சுடச் சொன்னார்கள். அப்படிப்பட்ட அடுப்பை நானே விற்பனைக்குக்கூட வைத்ததில்லை. தவணைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

நீ என்னைக் கேட்கவில்லை. நான் அவிசாவளைக்குச் சரக்கெடுக்கப் போயிருந்த பகலில், உன் வீட்டுக்காரரோடு வந்து அத்தனை குவளையையும் வாழைச் சருகு வைத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டு போய்விட்டாய். நான் அண்ணன் என்று கூப்பிடும் அவர்தான் பக்கத்துச் சின்னத் தோட்டத்தின் புகைக்கூட்டில், ரப்பர் ஷீட் காய விறகு போடுகிறவர். எந்த மழையிலும் அந்த அறைக்குள் சூடு இருக்கும். உன் கணக்கு சரிதான். சூட்டோடு புகையும் இருக்கும் என்பதை, வாழ்நாள் முழுக்க ரப்பரோடு கிடந்த நீங்கள் இரண்டு பேரும் எப்படி மறந்தீர்கள் என்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உங்களுக்கு அது அறையின் வாசம், அவ்வளவுதான் போலிருக்கிறது.

ஆனால் உள்ளே வைக்குமுன் நீ ஒரு காரியம் செய்திருந்தாய். தட்டில் ரப்பர் பாலை ஊற்றி, ஒவ்வொரு குவளையையும் கவிழ்த்து, உன் இரண்டு விரல் அளவுக்கு விளிம்பை அதில் தோய்த்து எடுத்திருந்தாய். வேலை முடிந்து வரும்போது கையில் காய்ந்த பாலைத் தோல் மாதிரி உரித்து எறிகிறவள் நீ. தூக்கி இறக்கும்போது பெயின்ட் வாய்ப் பக்கம் இழுபட்டுவிடக் கூடாது என்று ஒரு காவல் போட்டாய்.

மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாய். ஷீட்டுகளுக்கு நடுவே நாற்பத்தெட்டுக் குவளையும் கருங்குரங்கு மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"நாந்தான் அப்பவே சொன்னேன்" என்றார் அண்ணன்.

"நீ எப்ப சொன்ன?" என்றாய் நீ.

"மனசுக்குள்ள சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மதியம் மேனேஜர் வருகிறார். நீ என்னைப் பார்க்காமல் குவளைகளைத் திரும்பக் கூடையில் அடுக்கினாய். "கடைக்கு வா" என்று மட்டும் சொன்னாய்.

அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீ ஸ்டூலை நடுவுக்கு இழுத்து, ஒரு கருப்புக் குவளையை நிறுத்தி, இடுப்பிலிருந்து வெட்டுக் கத்தியை எடுத்தாய்.

"ஐயோ, கண்ணாடிடி!" என்று நான் கத்தியது உனக்குக் கேட்டிருக்கும்.

முழங்கையை இடுப்போடு ஒட்டினாய். ரப்பர்ப் பட்டையின் ஓரத்தில் கத்தி நுனியை வைத்தாய். நடந்தாய். மரத்தில் பட்டையை வெட்ட வேண்டும், உள்ளே தடியைத் தொடக்கூடாது. தொட்டால் மரம் காயப்படும், கங்காணி அன்றைய பேரை வெட்டிவிடுவார். முப்பது வருடம் அந்த அளவை உன் மணிக்கட்டு படித்திருந்தது. கத்தி ரப்பரை வெட்டிக்கொண்டே போனது, கண்ணாடி ஒரு சத்தமும் போடவில்லை. சுற்று முடிந்ததும் நுனியை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பாக இழுத்தாய். சர்ரென்று பட்டை நாடாவாக உரிந்து வந்தது.

உள்ளேயிருந்து விளிம்பு வந்தது. புகையும் பெயின்டும் கையும் படாத வெறும் கண்ணாடி. கருப்புக்கு மேலே தண்ணீரை வளையமாக நிறுத்தி வைத்தாற்போல். பிறகு தேங்காயெண்ணெய்த் துணியால் கீழ்ப்பகுதியைத் துடைத்தாய். கரி போகப் போக இலைகள் ஒவ்வொன்றாக வந்தன. நீ பூசிய சிவப்பு அங்கே இல்லை. புகை குடித்த சிவப்பு, தேன் மாதிரி, மாசியில் மலை முழுக்கக் கிடக்கிற சருகு மாதிரி. அந்தக் கண்ணாடியின் பச்சையும் குமிழியும்கூட அதில் கலந்து, வேண்டுமென்றே வைத்தது போலாகிவிட்டன. வெளிச்சத்தில் பிடிக்காமல் நான் வாங்கி ஏமாந்த அதே கண்ணாடி.

உள்ளே கழுவி, என் பிளாஸ்கிலிருந்த பிளேன்டீயை வாய் வரை ஊற்றி அவரிடம் நீட்டினாய். அந்த இரண்டு விரல் இடத்தில் மட்டும் தேத்தண்ணியின் நிறம் விளக்கேற்றினாற்போல் தெரிந்தது.

"அனே…" என்று வியந்தார். குடித்தார். வாய் வரை நிறம் கேட்டதைப் பற்றி அவர் பேசவில்லை. யார் செய்தது என்று கேட்டார். நான் கை காட்டினேன். நீயோ தரையில் உட்கார்ந்து உரிந்த நாடாவை உருட்டிக்கொண்டிருந்தாய்.

"ஒட்டுப்பாலுக்கும் கிலோவுக்குக் காசு இருக்குல்ல? என்னா பாக்குற?"

மிச்சம் நாற்பத்தேழையும் அன்று மாலைக்குள் நீ வெட்டி உரித்தாய். நான் ஒவ்வொரு விளிம்பின் கீழும் நகத்தை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். நம்பாமல் அல்ல, நான் எதையும் அப்படித்தான் பார்ப்பேன். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. கோவில்களில் தங்கக் கலசம் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். இரத்தினபுரியில் வெட்டிய கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நகம் தடுக்காமல் சுற்றி வந்த அந்த நாற்பத்தெட்டு விளிம்பின் முன்னால் நின்றதுபோல் நான் எங்கும் நின்றதில்லை.

உன் மழை நாட்களுக்கு முழுப் பேர் போட்டேன். நீ எண்ணிப் பார்க்கவில்லை. "விக்காம போயிருந்தா?" என்று மட்டும் கேட்டாய். நான் கொப்பியை மூடி வைத்தேன். அந்தக் கேள்வியை நீ திரும்பக் கேட்கவும் இல்லை.

அதன் பிறகு இரண்டு வருடம் ஓடியது. பெட்டிகள் தீர்ந்தன, புதுப் பெட்டிகள் வந்தன, சேலைத் திரையை எடுத்துவிட்டேன். சேற்றில் இறங்கிய காலோடு உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். கடைசியாக நான் பார்க்க வந்தபோது கண் மஞ்சளாக இருந்தது. "பொகக்கூட்டுல ஒரு கிளாஸ் கெடக்கு, நாளாயிருச்சு, எடுக்கச் சொல்லு" என்றாய். கருமாதி முடிந்த மறுநாள் அண்ணன் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கல்லாவின் மேல் வைத்தார். "இத யாரு உரிக்கிறது தங்கச்சி?" என்று கேட்டார். இருவருமே தொடவில்லை.

நேற்று மேனேஜர் கையில் பிடித்திருந்தது அதைத்தான். விளிம்பில் ரப்பர்ப் பட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. உரித்துத் தரச் சொன்னார், என்ன விலையானாலும் சரி என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு என் மனம் ஒரு நொடி அசைந்தது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது போனால் எனக்கு அளவு போய்விடும். உன் இரண்டு விரலின் அகலம் இப்போது அந்தப் பட்டையில் மட்டும்தான் இருக்கிறது. என் விரல் உன்னுடையதைவிடத் தடிப்பு, வைத்துப் பார்த்துவிட்டேன்.

அதனால் வேறு பேசினோம். ஆறு டசன் புதிதாகச் செய்து கொடுப்பது. உன்னோடு பால் வெட்டிய இரண்டு பேர் போன மழையிலிருந்து வருகிறார்கள். ஸ்டூலைச் சுற்றி நடக்கிறார்கள், சிரிக்கிறார்கள், தலைசுற்றுகிறது என்கிறார்கள். பத்தில் மூன்று கீறிவிடுகிறது. கீறியதை விற்பதில்லை, பேனா போட்டு வைக்கிறேன். கடை முழுக்கப் பேனாக் குவளை. புகைக்கூட்டுக்கு அண்ணன் இருக்கிறார். கழுவித் துடைக்க வினாகிரியும் நானும்.

மேனேஜரோடு முடிந்த பேச்சு இது. ஆறு டசன், தைப்பொங்கலுக்கு முன் கொடுப்பது, பாதிப் பணம் முன்னால், உடைந்தால் பங்களா பொறுப்பு. விளிம்பிலிருந்து இரண்டு விரல் வெறுமையாக இருக்கும், மேல் தட்டுக் குவளையை வைத்து அளந்து.

அவர் போன பிறகு அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து அவர்களோடும் பேசி முடித்தேன். மழை நாளுக்கு முழுப் பேர். விற்றாலும், விற்காவிட்டாலும்.